பழைய நாணயங்களிலிருந்து தங்கம்–வெள்ளி விகிதம் கணக்கிடுவது எப்படி?

ஒரு கிராம் தங்கத்துக்கு எத்தனை கிராம் வெள்ளி ஈடு? அந்த எண்ணைத்தான் தங்கம்–வெள்ளி விகிதம் என்கிறோம். ஓர் அரசு இரண்டு உலோகத்திலும் நாணயம் அடித்து, இத்தனை வெள்ளிக் காசுக்கு ஒரு பொற்காசு என்று அறிவித்துவிட்டால், அந்த எண் அந்தக் காசுகளுக்குள்ளேயே இருக்கும். வெளியே எடுக்க ஐந்தாம் வகுப்புக் கணக்கு போதும். ஆனால் கணக்கில் போடும் எண்களைத் தேடிப் பிடிப்பதில்தான் புதிதாக வருகிறவர்கள் சறுக்குகிறார்கள்.

தேவையான எண்கள் ஐந்து. பொற்காசின் எடை, அதன் தரம், வெள்ளிக்காசின் எடை, அதன் தரம், ஒரு பொற்காசுக்கு எத்தனை வெள்ளிக்காசு என்ற வீதம். எடையைத் தரத்தால் பெருக்கினால் சுத்த உலோகம் கிடைக்கும். பிறகு:

வெள்ளிக்காசின் சுத்த வெள்ளி × வீதம் ÷ பொற்காசின் சுத்தத் தங்கம் = விகிதம்

பழைய தமிழில் தங்கத்தின் தரத்தை ‘மாற்று’ என்பார்கள். ‘பத்தரை மாற்றுத் தங்கம்’ அப்படி வந்ததுதான். காசை மாற்றும் வீதத்தோடு குழம்பக் கூடாது என்பதால் இங்கே ‘தரம்’, ‘வீதம்’ என்று தனித்தனியாகவே சொல்கிறோம்.

முதலில் ஒரு சுலபமான கணக்கு

பழகுவதற்கு 1835-ஆம் ஆண்டின் 17-ஆம் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி ரூபாயின் எடை 180 கிரெயின். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, மீதி ஒரு பங்கு கலப்பு. ஆக, சுத்த வெள்ளி 165 கிரெயின். அதே சட்டத்தில் தங்க மொகருக்கும் அதே 180 கிரெயின், அதே பதினொரு பங்கு. அதற்குப் பதினைந்து ரூபாய்க் காசு என்றும் பெயர் வைத்தார்கள். 165 × 15 ÷ 165 = 15. எடையும் தரமும் இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் வீதமே விகிதமாகிவிடுகிறது.

ஒரு கிரெயின் 0.0648 கிராம். 180 கிரெயின் 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. பதினொரு பங்கு என்பது ஆயிரத்துக்கு 916.67. நகைக்கடையில் இன்று கேட்கும் ‘916’ இதே பின்னம்தான்.

சரி, 1835-இல் இந்தியாவில் விகிதம் 15 என்று எழுதிவிடலாமா? அவசரப்படாதீர்கள். கம்பெனி ஆட்சிப் பகுதியில் தங்க நாணயம் சட்டப்படி செல்லாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. கடன்காரன் மொகரை நீட்டினால் வாங்கித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. 1841 ஜனவரியில்தான் அரசுக் கருவூலங்கள் மொகரைப் பதினைந்து ரூபாய்க்கு ஏற்கலாம் என்று அறிவிப்பு வந்தது. 1848-இல் கலிபோர்னியாவிலும் 1851-இல் ஆஸ்திரேலியாவிலும் தங்கம் கிடைத்த பிறகு உலகச் சந்தையில் தங்கம் சற்று மலிந்தது. வெளியே பதினைந்துக்குக் குறைவாகப் போகும் தங்கத்தைக் கருவூலத்தில் பதினைந்துக்குத் தள்ளிவிடலாம் என்றால் யார் விடுவார்கள்? கருவூலத்தில் தங்கம் குவிந்தது. டல்ஹௌசி அரசு 1853 ஜனவரி 1 முதல் மொகரை வாங்குவதை நிறுத்திவிட்டது. எனவே 15 என்ற எண்ணுக்கு உயிர் இருந்தது ஏறக்குறைய 1841 முதல் 1852 வரைதான். முன்னும் பின்னும் அது மொகரின் பெயரில் இருந்த எண், அவ்வளவே.

இந்த ஒரு கணக்கிலேயே முறை முழுவதும் அடங்கிவிட்டது. இனி எண்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எடை: கையிலிருக்கும் காசை நம்பாதீர்கள்

உங்களிடம் உள்ள ரூபாயை நிறுத்தால் 11.66 காட்டாது. புழங்கிய காசு என்றால் 11.3 முதல் 11.6 வரை எங்காவது நிற்கும். இது தேய்மானம். விகிதத்துக்கு வேண்டியது அக்கசாலையிலிருந்து, அதாவது நாணயம் அடிக்கும் இடத்திலிருந்து, வெளியே வந்த அன்று இருந்த எடை. சட்டமோ அக்கசாலை ஆணையோ எடையைச் சொல்லியிருந்தால் அதையே எடுங்கள். உங்கள் தராசு, அந்த ஆணைப்படி அடித்த காசுதானா என்று பார்க்க மட்டும் போதும்.

எழுத்து ஆதாரம் இல்லாத பழங்காசுகளுக்கு ஒரு காசை மட்டும் நிறுப்பது வீண். ஒரே வகைக் காசுகள் இருபது முப்பதின் எடைகளைக் கிடைக்கும் அருங்காட்சியகப் பட்டியலிலிருந்து எடுத்து, 0.05 கிராம் இடைவெளியில் அடுக்குங்கள். எந்த இடத்தில் அதிகக் காசுகள் குவிகின்றனவோ அதற்குச் சற்று மேலே மூல எடை இருக்கும். சராசரி எடுத்தால் தேய்ந்த காசுகள் எண்ணைக் கீழே இழுத்துவிடும். வெள்ளிக்காசு கைமாறிக் கைமாறி அதிகம் தேயும். பொற்காசு பெட்டியில் தூங்கும். இரண்டுக்கும் சராசரியை எடுத்தால் விகிதம் எப்போதும் குறைவாகத்தான் வரும். இந்தப் பிழை ஒரே பக்கமாகச் சாய்வது என்பதால் எத்தனை காசு சேர்த்தாலும் தானாகச் சரியாகாது.

தராசு 0.01 கிராம் காட்டினால் பெரிய காசுகளுக்குப் போதும். சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஒவ்வொரு முறையும் 50 கிராம் சோதனை எடைக்கல்லை வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள்.

காசுமாலையிலிருந்து வந்த காசில் வளையம் பற்றவைத்த தடம் இருக்கிறதா என்று விளிம்பைப் பாருங்கள். பற்றாசு எடையைக் கூட்டும், ராவிய இடம் குறைக்கும். அதோடு, மாலைக்காகத் தட்டார் அச்சில் அடித்த காசுகளும் உண்டு. படம் பிரிட்டனின் பொற்காசான சவரனைப் போல இருக்கும், தரத்துக்கு அக்கசாலை பொறுப்பல்ல. நிஜச் சவரன் 7.988 கிராம். 122.5 கிரெயினுக்கு, அதாவது 7.938 கிராமுக்குக் கீழே தேய்ந்தால் பிரிட்டனில் அது செல்லாது. நம் ஊரில் ‘ஒரு பவுன் எட்டு கிராம்’ ஆனது இந்தக் காசிலிருந்துதான்.

தரம்: தண்ணீர்ச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் பொன்நகைகளைக் குறிக்கும்போது ‘ஆடவல்லான் என்னும் கல்லால் நிறை’ என்று எந்த எடைக்கல் என்பதையும் எழுதிவைத்தார்கள். எதை வைத்து அளந்தோம் என்று சொல்லும் அந்தப் பழக்கத்தை நீங்களும் பிடித்துக்கொள்ளுங்கள். தரம் சட்டத்திலிருந்து வந்ததா, உருக்கிச் சோதித்ததா, நீங்கள் அளந்ததா என்று பக்கத்தில் குறித்தே ஆகவேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது ஒப்படர்த்திச் சோதனை. சிறு பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். மெல்லிய நைலான் நூலில் காசைக் கட்டி, முழுவதும் மூழ்கும்படி, அடியிலோ சுவரிலோ படாமல் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டுவது காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை அதால் வகுத்தால் ஒப்படர்த்தி. தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டால் காசில் குமிழி ஒட்டாது. குமிழி ஒட்டினால் எண் குறைந்து, நல்ல காசும் கள்ளக் காசு போலத் தெரியும்.

சுத்தத் தங்கம் 19.3, சுத்த வெள்ளி 10.49, செம்பு 8.96. இனி இந்தச் சோதனையின் எல்லையைப் பாருங்கள். 11.66 கிராம் ரூபாய், 917 தரம் என்றால் 1.13 கிராம் தண்ணீர் ஒதுக்கும். 900 தரம் என்றாலும் 0.01 கிராம் தராசு அதே 1.13 தான் காட்டும். வெள்ளியும் செம்பும் அடர்த்தியில் நெருங்கியவை என்பதால் சிறு தர வேறுபாட்டை இது பிரித்துக் காட்டாது. ஆனால் 1940-க்குப் பிறகு வந்த பாதி வெள்ளி ரூபாயைப் போட்டால் 1.22 வரும். அந்த அளவு வித்தியாசத்தை மட்டுமே கண்டுபிடிக்கலாம்.

தங்கத்துக்கு நிலைமை பரவாயில்லை, காசு பெரிதாக இருக்கும்வரை. சவரன் 0.45 அல்லது 0.46 காட்டும்; ஒப்படர்த்தி 17.4 முதல் 17.8-க்குள் விழும், செம்பு கலந்த 22 காரட்டுக்கு எதிர்பார்க்க வேண்டிய 17.6 அதற்குள் இருக்கிறது. 3.41 கிராம் வராகனை (தென்னிந்தியப் பழைய பொற்காசு) அதே தராசில் போட்டுப் பாருங்கள்: 0.20 காட்டினால் 17.05, 0.21 காட்டினால் 16.2, 0.22 காட்டினால் 15.5. கடைசி இலக்கம் ஒன்று நகர்ந்தால் தரமே வேறு கதை சொல்கிறது. 80 சதவீதத் தங்கத்தில் மீதி செம்பு என்றால் 15.7, மீதி வெள்ளி என்றால் 16.5. ஆகவே சிறு பொற்காசுக்கு 0.001 கிராம் தராசு இல்லாமல் இறங்காதீர்கள். இருந்தாலும் கலப்பு எது என்று தெரியாமல் காரட் எழுதாதீர்கள். டங்ஸ்டனின் அடர்த்தி தங்கத்தை ஒட்டியே இருப்பதால், அதை உள்ளே வைத்த போலியை இந்தச் சோதனை விட்டுவிடும்.

நகைக்கடை எக்ஸ்-கதிர் இயந்திரம் சட்டென்று சதவீதம் சொல்லும். அது மேல்தோலை மட்டும் பார்க்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். தரம் குறைந்த பழைய வெள்ளிக்காசில் மேற்பரப்புச் செம்பு அரித்துப் போய், தோலில் வெள்ளி கூடுதலாகவும் உள்ளே குறைவாகவும் இருக்கும். அக்கசாலைகளே அடிப்பதற்கு முன் அமிலத்தில் போட்டு வெளுக்கவைத்ததும் உண்டு. எனவே பிற்கால ரோமானிய வெள்ளிக்கு இயந்திரம் காட்டும் எண்ணை அப்படியே எடுத்தால் விகிதம் கூடுதலாக வரும்.

உரைகல்லில் தேய்க்க வேண்டாம். துலக்கவும் வேண்டாம். புளி போட்டு விளக்கிய காசு நாணயச் சேகரிப்பாளர் கண்ணுக்குப் பாதி செத்த காசு.

வீதம்: உண்மையான வேலை இங்கேதான்

எடையும் தரமும் காசிலேயே இருக்கின்றன. வீதம் காசில் இருக்காது. ஆணையில், கணக்குப் புத்தகத்தில், பயணியின் குறிப்பில், கல்வெட்டில் தேடவேண்டும். தேடிக் கிடைப்பதும் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்டதாக இருக்கும்.

சென்னையை எடுத்துக்கொள்வோம். கம்பெனி நெடுநாள் கணக்கு வைத்தது நட்சத்திர வராகனில்: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818-இல் 180 கிரெயின் வெள்ளி ரூபாயைச் சென்னையின் நிலைநாணயமாக்கியபோது, 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று கணக்குகளை மாற்றினார்கள். 42 பணத்தை மூன்றரையால் வகுத்தால் ரூபாய்க்கு 12 பணம். பழைய வழக்கத்தோடு ஒத்துப்போகிற வீதம்.

நட்சத்திர வராகனின் எடை 52.56 கிரெயின், தரம் 19.2 காரட் என்பது அக்காலச் சோதனைக் கணக்கு. சுத்தத் தங்கம் 52.56 × 19.2 ÷ 24 = 42.05 கிரெயின். மூன்றரை ரூபாயில் சுத்த வெள்ளி 165 × 3.5 = 577.5 கிரெயின். வகுத்தால் 13.73.

அந்தக் கடைசி எண்ணை மொகரின் 15 பக்கத்தில் வையுங்கள். வராகனில் உள்ள தங்கத்தை 15 என்ற கணக்கில் மதித்தால் 630.7 கிரெயின் வெள்ளி, அதாவது 3 ரூபாய் 82 பைசா அளவு பெறும். அரசுக் கணக்கோ மூன்றரை ரூபாய்தான் தருகிறது. இந்த இடைவெளி இருந்தால் வராகனைக் கொண்டுபோய்க் கருவூலத்தில் கட்ட எவனுக்கும் மனம் வராது. உருக்குகிறவனிடமோ பெட்டியிலோதான் போய்ச்சேரும். 350-க்கு 100 என்பது பழைய கடன், சம்பளம், வரிப் பதிவுகளை ரூபாய்க்கு மாற்றப் போட்ட வீதம். கடைவீதியில் காசு மாற்றும் சராப்பு, வட்டம் என்ற கழிவைப் பிடித்துக்கொண்டு கொடுத்த வீதம் நாளுக்கு நாள் வேறு. ஆவணத்தில் வராகனைக் கண்டதும் 13.73-ஐப் போட்டுச் சந்தை விலை என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு.

ஆகவே வீதம் கிடைத்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். இது யார் சொன்னது: அக்கசாலையா, வரி அதிகாரியா, வியாபாரியா? வாங்குவதற்கா, கொடுப்பதற்கா, கணக்கு எழுதுவதற்கு மட்டுமா? எந்த ஆண்டு, எந்த அச்சுக் காசு? ‘ரூபாய்’ என்ற பெயரில் ஆற்காட்டு ரூபாயும் சிக்கா ரூபாயும் கம்பெனி ரூபாயும் இருந்தன. மூன்றிலும் வெள்ளி ஒரே அளவு அல்ல. வங்காளத்துச் சிக்கா ரூபாயில் சுத்த வெள்ளி 175.9 கிரெயின். 165-ஐப் போட்டால் ஆறு சதவீதம் பிசகும்.

அரசு வீதத்தைத் தப்பாக வைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதே வங்காளம்தான் பாடம். 1766-இல் 149.72 கிரெயின் சுத்தத் தங்கமுள்ள மொகரை 14 சிக்கா ரூபாய்க்குச் செல்லும் என்றார்கள். 14 × 175.92 ÷ 149.72 = 16.45. அந்தத் தங்கத்துக்குச் சந்தை அவ்வளவு தரவில்லை. வெள்ளியைப் பதுக்கிவிட்டுத் தங்கத்தை நீட்டத் தொடங்கினார்கள். ரூபாய்த் தட்டுப்பாடு தீரவில்லை. 1769-இல் 190.086 கிரெயின் தங்கத்தை 16 ரூபாய் என்று மாற்றி, விகிதத்தை 14.81-க்கு இறக்கினார்கள்.

அடையாள நாணயம் என்ற பள்ளம்

இதில் விழாத புதியவர் அரிது. வெள்ளிக்காசின் முகமதிப்பும் அதிலுள்ள வெள்ளியின் விலையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் அது முழுமதிப்பு நாணயம். வெள்ளியின் விலை குறைவாக இருந்து, அரசின் சொல்லால் மட்டும் முகமதிப்பு நின்றால் அது அடையாள நாணயம். அடையாள நாணயத்தை வைத்துக் கணக்கிட்ட விகிதம் உலோகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

நம் ரூபாயே நல்ல எடுத்துக்காட்டு. 1893 ஜூன் 26 வரை யார் வெள்ளி கொண்டுபோனாலும் அக்கசாலை ரூபாயாக அடித்துக் கொடுக்கும். அன்று அந்தக் கதவு மூடப்பட்டது. 1899-இல் சவரன் 15 ரூபாய்க்குச் சட்டப்படி செல்லும் என்றானது. ரூபாயின் எடையும் தரமும் மாறவில்லை. கணக்குப் போட்டால்: 15 × 10.69 கிராம் ÷ 7.322 கிராம் = 21.9. அந்த ஆண்டுகளில் உலகச் சந்தையில் ஒரு கிராம் தங்கம் முப்பது கிராமுக்கும் மேல் வெள்ளி வாங்கியது. 21.9 என்பது அரசு ரூபாயைத் தூக்கிப்பிடித்த உயரத்தின் அளவு, வெள்ளியின் விலை அல்ல. 1918-இல் பம்பாயில் அடித்த 15 ரூபாய்த் தங்க மொகரிலும் இதே எண் வரும், காரணம் அதுவும் சவரனின் எடையும் தரமும் கொண்டதே. பெயர் ஒன்று, முகமதிப்பும் பதினைந்து. ஆனால் 1835 மொகர் 11.66 கிராம், 1918 மொகர் 7.99 கிராம். பெயரைப் பார்த்து எண்ணை இழுக்காதீர்கள்.

பிரிட்டனில் இதே பள்ளம் 1816-இல் வருகிறது. அதற்கு முன் ஒரு டிராய் பவுண்டு ஸ்டெர்லிங் (925 தரம்) வெள்ளியில் 62 ஷில்லிங் அடித்தார்கள், ஒன்றில் 5.568 கிராம் சுத்த வெள்ளி. 1717-இல் அக்கசாலைத் தலைவராக இருந்த ஐசக் நியூட்டனின் அறிக்கைக்குப் பின் கினி என்ற பொற்காசு 21 ஷில்லிங் என்று நிலைத்தது. கினியில் சுத்தத் தங்கம் 7.689 கிராம். 21 × 5.568 ÷ 7.689 = 15.21. இது உண்மையான அக்கசாலை விகிதம். ஐரோப்பியக் கண்டத்தில் அன்று வெள்ளிக்குச் சற்றுக் கூடுதல் மதிப்பு இருந்ததால் இங்கிலாந்தின் கனத்த வெள்ளிக்காசுகள் கப்பலேறின. 1816-இல் அதே பவுண்டில் 66 ஷில்லிங் அடித்து வெள்ளியை அடையாள நாணயமாக்கினார்கள். இனி 20 ஷில்லிங்கையும் சவரனையும் வைத்துக் கணக்கிட்டால் 14.29 வரும். தங்கம் மலிந்துவிட்டது என்று இதைப் படித்தால் வரலாறு தலைகீழ்.

பிரெஞ்சு நாணயத்தில் காசைத் தேர்ந்தெடுப்பதிலேயே வழி தவறும். 1803 சட்டப்படி பிராங்கு 5 கிராம், 900 தரம், சுத்த வெள்ளி 4.5 கிராம். இருபது பிராங்குப் பொற்காசில் தங்கம் 5.806 கிராம். விகிதம் 15.5, பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பா சுற்றிச் சுற்றி வந்த எண். 1865 லத்தீன் நாணய ஒன்றியத்துக்குப் பின் ஒரு பிராங்குக் காசின் தரம் 835. அதை வைத்தால் 14.38. ஐந்து பிராங்குக் காசு மட்டும் 900 தரத்திலேயே இருந்தது. கணக்குக்கு அதையே எடுக்கவேண்டும். சில்லறைக் காசை வைத்து விகிதம் பார்க்காதீர்கள் என்ற விதி எந்த நாட்டுக்கும் பொருந்தும்.

ஜப்பான் இன்னும் வினோதம். 1850-களின் தெம்போ கோபன் என்ற பொற்காசு சுமார் 11.2 கிராம், அதில் 57 சதவீதம் தங்கம், மீதி வெள்ளி. அதற்கு நான்கு இச்சிபு வெள்ளிக்காசு, ஒவ்வொன்றும் 8.6 கிராம், ஏறக்குறையச் சுத்த வெள்ளி. நேராக வகுத்தால் 34.1 ÷ 6.4 = 5.3. பொற்காசுக்குள்ளேயே 4.8 கிராம் வெள்ளி ஒளிந்திருக்கிறதே, அதையும் கழித்தால் 29.3 ÷ 6.4 = 4.6. பொற்காசின் கலப்பு பெரும்பாலும் வெள்ளி என்றால் இப்படிக் கழித்துத்தான் ஆகவேண்டும். (வராகனில் 10.5 கிரெயின் கலப்பு முழுவதும் வெள்ளி என்றே வைத்தாலும் 13.73 என்பது 13.48 ஆகும்; அங்கே பெரிய மாற்றமில்லை.) இச்சிபு உள்நாட்டில் அடையாள நாணயமாக ஓடியது. 1859-இல் துறைமுகம் திறந்து வெளிநாட்டு வெள்ளி டாலரை எடைக்கு எடை இச்சிபுவாக மாற்றலாம் என்றானதும், வியாபாரிகள் டாலரை இச்சிபுவாக்கி, இச்சிபுவைக் கோபனாக்கி, கோபனை வெளியே கொண்டுபோய் மும்மடங்கு வெள்ளிக்கு விற்றார்கள். 1860-இல் ஜப்பான் கோபனை 3.3 கிராமுக்குச் சுருக்கியது.

உங்கள் விடை அண்டை நாட்டு விகிதத்திலிருந்து வெகுவாக விலகி நின்றால், வரலாற்று அதிசயம் என்று குதிக்குமுன் வெள்ளிக்காசு அடையாளமா என்று பாருங்கள்.

பழங்காலக் காசுகளில் கணக்கைச் சுருக்குவது

பழைய எடை அலகுகளைக் கிராமுக்கு மாற்றுவதில் பலர் நாள்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். பல நேரம் அது தேவையே இல்லை. இரண்டு காசும் ஒரே அலகில் சொல்லப்பட்டிருந்தால் அலகு அடிபட்டுப் போகும். அக்பர் ஆட்சியைப் பதிவுசெய்த அயினி அக்பரி நூலில் வட்ட மொகர் 11 மாஷா, மதிப்பு 9 ரூபாய்; ரூபாய் பதினொன்றரை மாஷா. மாஷா எத்தனை கிராம் என்று தெரியாமலே 9 × 11.5 ÷ 11 = 9.4 என்று போடலாம். அக்பர் காலக் காசுகள் இரண்டும் உயர்தரம் என்பதால் தரத்தையும் ஏறக்குறைய விட்டுவிடலாம். அகஸ்டஸ் காலத்தில் ஓர் அவுரியஸ் பொற்காசுக்கு 25 தினாரியஸ். தினாரியஸ் ரோமானிய ராத்தலில் 84-இல் ஒரு பங்கு, அவுரியஸ் 42-இல் ஒரு பங்கு என்று கொண்டால் 25 × 42 ÷ 84 = 12.5. அவுரியஸ் 40-இல் ஒன்று என்றால் 11.9. நீரோ கி.பி. 64-இல் இரண்டையும் இளைக்கவைத்து, வெள்ளியின் தரத்தையும் குறைத்தார். தமிழகத்துப் புதையல்களில் அகஸ்டஸ், திபேரியஸ் தினாரியஸ்களே மிகுதி என்பதற்கு, நல்ல வெள்ளியைத்தான் இங்கே வாங்கினார்கள் என்று ஆய்வாளர் பலர் சொல்லும் விளக்கம் இதோடு பொருந்துகிறது. புதுக்கோட்டைப் பகுதியில் கருக்காகுறிச்சியில் 1898-இல் கிடைத்த 501 அவுரியஸ்களில் பெரும்பாலானவற்றில் அரசன் முகத்தில் உளிவெட்டு இருக்கிறது; அவ்வகைக் காசின் எடையைப் பட்டியலில் சேர்க்கும்போது வெட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

காசே இல்லாமல் விகிதம் கிடைப்பதும் உண்டு. பாரசீகப் பேரரசன் தாரயவுசுக்கு இந்தியர் கட்டிய 360 தாலந்து (பழைய எடை அலகு) பொன்தூளை 4,680 வெள்ளித் தாலந்து என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ்: சரியாக 13. அவர் எண்ணைக் காசால் சரிபார்க்கலாம். 8.35 கிராம் பாரசீகப் பொற்காசு டாரிக்குக்கு 5.55 கிராம் வெள்ளிக்காசு சிக்லோஸ் இருபது என்றால் 13.3. எழுத்தும் காசும் இப்படி ஒட்டி வந்தால் நிம்மதியாக நம்பலாம்.

இன்னொன்று அன்றாட வாழ்வில் இன்றும் இருக்கிறது. இஸ்லாமியரின் கட்டாயக் கொடையான ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவு, அதாவது நிஸாப், தங்கத்தில் 20 தினார், வெள்ளியில் 200 திர்ஹம். ஏழு தினார் எடையும் பத்து திர்ஹம் எடையும் சமம் என்பதால் 10 × 0.7 = 7. ஏழரைத் தோலா தங்கம், ஐம்பத்திரண்டரைத் தோலா வெள்ளி என்று நம் ஊரில் சொல்லும் கணக்கிலும் அதே 7. இன்று வெள்ளி நிஸாபின் பணமதிப்பு தங்க நிஸாபைவிட மிகக் குறைவாக இருப்பதற்கு, ஏழாக இருந்த விகிதம் பல மடங்கு ஏறியதுதான் காரணம்.

எல்லா இடத்திலும் ஜோடி கிடைக்காது. விஜயநகரத் தெற்கில் தங்கமும் செம்புமே ஆண்டன. ‘தார’ என்ற சிறு வெள்ளிக்காசு ஓரமாக வந்துபோனது. சில்லறை வெள்ளியை வைத்து விகிதம் பிழிய முயலாதீர்கள், மேலே சொன்ன காரணம்தான்.

காசு கையில் வந்தால்

நிலத்தில் புதைந்து கிடைத்தது என்றால் 1878 புதையல் சட்டப்படி பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்டதை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும். நூறாண்டுக்கு மேற்பட்ட காசு 1972 தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். தனியார் வெளிநாடு அனுப்ப முடியாது. பயிற்சிக்கு விக்டோரியா ரூபாய் ஒன்றும், பார்வைக்குச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியக நாணயப் பிரிவும் போதும்.

விடையை எழுதிவைக்கும் விதம்

வெறும் ‘13.73’ என்று குறித்தால் ஆறு மாதம் கழித்து உங்களுக்கே அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. இப்படி எழுதுங்கள்: ‘சென்னை, 1818. நட்சத்திர வராகன், 52.56 கிரெயின், 19.2 காரட், அக்காலச் சோதனை. சென்னை ரூபாய், 180 கிரெயின், 11/12, ஆணை எடை. 100-க்கு 350, அரசுக் கணக்கு வீதம், சந்தை அல்ல. வெள்ளி முழுமதிப்பு நாணயம். விகிதம் 13.73.’

தசமம் எத்தனை இடம் போடுவது என்பதும் இங்கே தீர்ந்துவிடும். சட்ட எடையும் சட்டத் தரமும் இருந்தால் இரண்டு இடம். அக்பர் காசுபோல் தரத்தை ஏறக்குறைய எடுத்ததென்றால் ஓர் இடம். தேய்ந்த காசுகளின் எடையை அடுக்கிப் பெற்றது என்றால் முழு எண்ணோடு நிறுத்துங்கள். ரோமானியக் கணக்கில் 12.37 என்று எழுதினால் அந்த 0.37-க்கு யாரும் பொறுப்பேற்க முடியாது.